தினமும் வளர்ந்த புகை

ஹரோல்ட் கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருக்கிறார். அவருடைய மூக்குக்கும் ஒரு பழைய காரின் புகைக்குழாய்க்கும் நடுவே இரண்டு சாண்தான் இடைவெளி. வலது கையில் ஒரு சதுர வெள்ளைத் துணி. அதைக் குழாய் வாயில் பிடித்துக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணுகிறார். பத்து முடிந்ததும் துணியை எடுத்து, பார்ப்பதற்கு முன்னால் முகர்கிறார். சம்பந்தி வீட்டுக் குழம்பில் குறை தேடுகிறவரின் முகம் அப்போது அவருக்கு. "இன்னொரு மூச்சு விடு," என்கிறார். காரின் சொந்தக்காரர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். சொன்னது அவரிடமா, காரிடமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகிற சாலையில், காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் முடிந்து தேயிலை ஆரம்பிக்கிற இடத்தில் அவருடைய பட்டறை இருக்கிறது. இந்த ஊரில் காரைக் காடி என்பார்கள், அதைப் பழுது பார்ப்பவரைப் போமன் என்பார்கள். போமன்கள் நிறைய உண்டு; புகைக்கு ஹரோல்ட் ஒருவர்தான். ஈப்போவில் மடிக்கணினியைச் செருகிப் பார்த்துவிட்டு "ஒன்றும் காட்டவில்லையே" என்று கைவிட்ட வண்டிகள்கூட மலையேறி இவரிடம் வரும். அறுபத்தொரு வயது. ஒல்லி. நெடிய மூக்கு. அந்த மூக்கின்மேல் அவருக்கு உள்ள கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

மேகம் இறங்கிவிட்டால் இந்த மலையில் புகை பார்ப்பது லேசான காரியமல்ல. வெள்ளைக்குள் வெள்ளையைத் தேட வேண்டும். அதற்காக ஒரு பாலர் பள்ளி இடம் மாறியபோது அதன் கரும்பலகையை வாங்கி வந்து பின்சுவரில் சாத்தி வைத்திருக்கிறார். வருகிற வண்டியெல்லாம் பலகைக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். பலகையின் மேல்மூலையில் ஏதோ ஒரு குழந்தை எழுதிய 'அம்மா' இன்னும் அரைகுறையாகத் தெரியும். முன்னால் புகை எழும்பும்போது அந்த எழுத்து அசைவது போலிருக்கும். வாடிக்கையாளர் சிலர் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

புகையைப் பற்றி அவர் வைத்திருக்கும் சாத்திரம் மூன்றே வரி. "கறுப்பு வந்தா தீனி சாஸ்தி, மூச்சு கம்மி. வெள்ளை வந்து பாகு மாதிரி இனிச்சா, தண்ணி உள்ள எறங்குது. நீலம் வந்தா, அது தன்னையே தின்னுது." மூன்றாவது வரியைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும். டீசலில் ஓடும் டர்போ எஞ்சினுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவில் ஆயிலைத் தடுக்கும் சீல் கெட்டுவிட்டால், எஞ்சின் ஆயில் அந்தக் காற்றோடு கலந்து உள்ளே போகும். அளவு மீறிப் போனால் எஞ்சினுக்கு டீசலே வேண்டாம். தன் ஆயிலையே குடித்துக்கொண்டு ஓடும். சாவியைப் பிடுங்கினாலும் நிற்காது. வாலிப வயதில் ஈப்போவில் தொழில் பழகும்போது ஹரோல்ட் அதை ஒருமுறை பார்த்திருக்கிறார். சாவி முதலாளியின் சட்டைப்பையில் இருந்தது. லோரி பதினோரு நிமிஷம் ஆள் இல்லாமல் அலறி, கடைசியில் வெடித்து அடங்கியது. "அன்னிக்கு ராத்திரி நான் சோறு திங்கல லா," என்பார்.

வெள்ளைத் துணிகளைத் தைத்துக் கொடுப்பது மனைவி ரோஸ்மேரி. பழைய பள்ளிச் சட்டைகளை வெட்டி ஓரம் அடித்துத் தருவார். புகை பிடித்த துணிகளை ஹரோல்ட் எறிவதில்லை. வண்டி எண்ணைப் பேனாவால் எழுதி, பட்டறைக்குள் கயிறு கட்டி வரிசையாக மாட்டிவிடுவார். காற்று நுழையும்போது நூற்றுக்கணக்கான கறைகள் ஒன்றாக ஆடும். அவற்றில் பாதி வண்டிகள் இன்று உயிரோடு இல்லை. புதிதாக வருகிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனதும் உண்டு.

மூக்குக்காக அவர் இருக்கிற விரதம் பெரிய கதை. பச்சை வெங்காயம் கிடையாது. வாசனை சோப்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்சில், சன்னலோரம்தான் இடம். பிரசங்கம் நடக்கும்போதே, தாமதமாக வந்து வெளியே நிற்கும் வண்டி யாருடையது என்று வாசனையை வைத்து ரோஸ்மேரியின் காதில் சொல்வார். ரோஸ்மேரி தொடையில் கிள்ளுவார். கர்த்தருக்குப் பயந்தவர்தான், ஆனால் புகை பொய் சொல்லாது என்பதையும் ஏறக்குறைய வேதவாக்காகவே நம்புகிறவர்.

இப்படிப்பட்டவரிடம்தான் போன ஜூலையில் உமாதேவி வந்தாள். மலைக்கு அந்தப் பக்கம், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஆறாம் நம்பர் லயத்தில் இருப்பவள். ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் டர்போ கார் ஒன்றை வைத்துக்கொண்டு, லயத்துப் பிள்ளைகள் ஆறு பேரைத் தினமும் காலையில் தானா ராத்தா தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போகிறாள். முப்பத்து நாலு வயது. சுருக்கமாகப் பேசுவாள். அன்று இன்னும் சுருக்கமாகப் பேசினாள்.

"அங்கிள், காடி பின்னால பொகை நிக்குது."

"பொகை போவும்மா. நிக்காது."

"இது நிக்குது அங்கிள்."

எங்கே என்று கேட்டார். சாமி மரம் நிற்கிற வளைவான முனியாண்டி முக்கில் என்றாள். அங்கே மட்டும்தான், வேறெங்கும் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் சாலையின் நடுவே ஓர் ஆள் நிற்கிற மாதிரி நிற்கிறதாம். வளைவு திரும்புகிற வரை அது அப்படியே நிற்குமாம்.

ஹரோல்ட் சிரித்தார். "மோட்டாருக்கு அட்ரஸ் தெரியுமாம்மா? ஒரே எடத்துல மட்டும் கெட்டுப்போறதுக்கு?"

உமாதேவி சிரிக்கவில்லை. லயத்தில் யாருக்கும் இதில் பயமே இல்லை என்பதுதான் அவளுடைய பயம். பழைய கங்காணி தங்கையா ஒருநாள் அவளோடு வந்து அதைப் பார்த்துவிட்டு, முனீஸ்வரனே பிள்ளைகளுக்குக் காவலாகப் பின்னால் வருகிறார் என்று சொல்லிவிட்டார். பெற்றவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோயி அத வெரட்டிப்புடாத" என்று அவளிடம் சொல்லியும் வைத்திருந்தார்கள். யாருக்கும் தெரியாமல்தான் இங்கே வந்திருந்தாள்.

"நல்ல சாமியாவே இருக்கட்டும் அங்கிள். நான் ஆறு பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறேன். பின்னால என்னா வருதுன்னு எனக்குத் தெரியணும்."

சனி, ஞாயிறு இரண்டு நாள் காரை நிறுத்தி வைத்துக்கொண்டார். இரவெல்லாம் குளிரில் கிடந்த எஞ்சினை விடியலில் முடுக்கி, அதன் முதல் மூச்சைத் துணியில் பிடித்தார். துணி வெளுப்பாகவே இருந்தது. சூடேற்றிக் கரும்பலகையின் முன்னால் உறும விட்டார். டீசலுக்கு உரிய சாம்பல் நிறம், குறையொன்றுமில்லை. எஞ்சின் ஆயிலை அளந்தபோது அரை லிட்டர் குறைந்திருந்தது. பழைய எஞ்சின் கொஞ்சம் குடிக்கும் என்று ஊற்றி நிரப்பினார். பிறகு தாமே ஓட்டிக்கொண்டு மலையேறி, முனியாண்டி முக்கைத் தாண்டி, லயம் வரை போய்த் திரும்பினார். மறுபடியும் போனார். மூன்றாம் தடவையும் போனார். கண்ணாடியில் சாலை மட்டும்தான் தெரிந்தது. ஒன்று சொல்ல வேண்டும். அந்த முக்கு வரும்போது மட்டும் அவருடைய கால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அதிகமாகவே மிதித்தது. கேட்டால் ஏற்றம் என்பார்.

"காடி நல்லா இருக்கும்மா," என்று சாவியைக் கொடுத்தார்.

உமாதேவி சாவியை வாங்கிக்கொண்டு நின்றாள். "அப்ப அது என்னா அங்கிள்?"

ஹரோல்ட் பானட்டை இன்னொரு தடவை திறந்து பார்த்து மூடினார். திங்கள்கிழமை காலையில் புகை மறுபடியும் நின்றது என்று அவள் போன் பண்ணினாள். செவ்வாயும் பண்ணினாள். புதன்கிழமை போன் வரவில்லை. அது அவரை இன்னும் மோசமாக அரித்தது.

அவருடைய சங்கடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தம்முடைய சோதனை சரி என்றால், அந்தக் காரின் பின்னால் உண்மையிலேயே ஒன்று நிற்கிறது. சர்ச்சுக்குப் போகிறவர் அதை ஒப்புக்கொள்ள முடியாது. அது வெறும் புகைதான் என்றால், தம்முடைய சோதனை தப்பு. நாற்பது வருஷம் புகை முகர்ந்தவர் அதையும் ஒப்புக்கொள்ள முடியாது. தப்பென்றால் அது நீலம். நீலமென்றால், ஆறு பிள்ளைகள் ஏறிய காருக்கு அவர்தான் நல்ல சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார். அந்த வாரம் மதியச் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். உமாதேவியின் காரில் புகை பிடித்த துணிகளை மேசையில் விரித்துவைத்து ஒவ்வொன்றாக முகர்ந்தார். ரோஸ்மேரி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தப்புன்னா போயி தப்புன்னு சொல்லுங்க. இல்லன்னா ஜெபம் பண்ணுங்க. சும்மா துணிய மோந்துக்கிட்டு ஒக்காராதீங்க."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆறாம் நம்பர் லயத்துக்குப் போய் நின்றார். பள்ளி வரை கூடவே வருவதாகச் சொன்னார். ஒரு பையனுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று ஐந்து பிள்ளைகள்தான். ஹரோல்ட் கடைசி வரிசையில் ஏறி, பின்கண்ணாடியைப் பார்த்தபடி உடம்பைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பவளம். இரட்டைச் சடை, மடியில் பெரிய பை.

பத்து நிமிஷம் செங்குத்தான ஏற்றம். இரண்டு பக்கமும் தேயிலை. மேகம் சாலைமட்டத்துக்கு இறங்கியிருந்ததால் செடிகளின் முதல் வரிசை மட்டும்தான் தெரிந்தது. டர்போ சன்னமாக விசிலடித்தது. ஹரோல்ட் கேட்டுக்கொண்டே வந்தார். விசிலில் பிசிறு இல்லை. உச்சியைத் தாண்டிச் சாலை மறுபக்கம் சரியத் தொடங்கும் இடத்தில்தான் முனியாண்டி முக்கு. ஒரு பெரிய மரம், அடியில் மஞ்சள் பூசிய மூன்று கல், ஒரு சூலம். அதற்கு எதிரே தேயிலைச் சரிவு மேலேறுகிறது. வளைவுக்கு அப்பால் பள்ளத்தாக்கு. அன்றைக்கு அங்கே வெண்மை தவிர வேறொன்றும் இல்லை.

உமாதேவி காரை ஓரம் கட்டினாள். கியரைப் பார்க்கிங்கில் போட்டாள். எஞ்சினை அணைக்கவில்லை.

அந்த முக்கின் சட்டம் அது. நிறுத்தாமல் போகக் கூடாது. நிறுத்தினால் எஞ்சினை அணைக்கக் கூடாது. எந்தக் காலத்திலோ ஒரு லோரிக்காரர் அங்கே அணைத்துவிட்டு மறுபடி முடுக்க முடியாமல் பின்னுக்கு உருண்டு போனாராம். ஆகவே எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவர் இறங்கிக் கற்பூரம் ஏற்றி, அது எரிந்து அடங்கும் வரை நிற்பார். உள்ளே இருப்பவர்கள் அதுவரை வாய் திறக்க மாட்டார்கள். பிறகு ஹாரன் அடிக்காமல், எஞ்சினை இரண்டு தடவை உறும விட்டு விடைபெற்றுக்கொண்டு போவார்கள். ஹரோல்ட் லயத்தில் பிறந்தவர். இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அவருடைய வீட்டார் வேதக்காரர்கள். அவர் அங்கே ஒருநாளும் நின்றதில்லை. சாமி கும்பிடுவது ஓட்டத்தில் ஒரு பகுதி என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. மூன்று தடவை போனபோதும் விர்ரென்று தாண்டித்தான் போனார்.

பிள்ளைகள் ஐந்து பேரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சின் மெதுவாக, முணுமுணுவென்று ஓடியது. வெளியே உமாதேவி செருப்பில்லாமல் ஈரப்புல்லில் நின்று, பித்தளைத் தட்டில் கற்பூரத்தைக் காட்டினாள். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டாவது நிமிஷமும் போயிற்று. பின்கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமில்லை.

பவளம் சட்டத்தை மீறி அவருடைய காதுப்பக்கம் வந்தாள். "தாத்தா, இப்ப வந்துருவாரு."

"யாரும்மா?"

"அவருதான். வளர்றாரு தாத்தா. மொதல்ல என் ஒசரம்தான் இருந்தாரு. அப்புறம் டீச்சர் ஒசரம். நேத்து அந்த மரத்து ஒசரம்."

ஹரோல்டுக்கு முதுகுத்தண்டில் சில்லென்றது. மரத்து உயரத்துக்கு ஒருவன் நிற்பதை நினைத்து வந்த நடுக்கம் கொஞ்சம். மீதி, கணக்கு புரிந்ததால் வந்தது. தினமும் புகை கூடுகிறது. ஏற்றத்தில் கொதித்து ஆயில் தண்ணீராக இளகியிருக்கிறது. வண்டி மூக்கைக் கீழே சாய்த்து நிற்கிறது. எஞ்சின் அணையாமல் இரண்டு மூன்று நிமிஷம் சும்மா ஓடுகிறது. சீல் கெட்ட டர்போவுக்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. சொட்டுச் சொட்டாகக் காற்றுக்குழாய்க்குள் ஆயில் இறங்கி, கீழே குட்டையாகத் தேங்கும். உறும விட்டால் அத்தனையும் ஒரே மடக்கில் உள்ளே போகும். பட்டறையின் சமதரையில், ஏற்றம் ஏறாத எஞ்சினில், பத்து எண்ணுவதற்குள் இது எங்கே தெரியப்போகிறது?

திரும்பினார். உமாதேவி தட்டைக் கல்லடியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். "உமா, மிதிக்காதம்மா" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் முதல் தடவை மிதித்துவிட்டாள்.

புகை வந்தது. நீலம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தரையிலிருந்து எழும்பி, தோள் மாதிரி அகன்று, தலை மாதிரி குறுகி நின்றது. பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி வீசிக்கொண்டிருந்தது. தேயிலைக் கொழுந்துகள் எல்லாம் மேல்பக்கம் சாய்ந்திருந்தன. புகை மட்டும் சாயவில்லை. பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழக்கப்பட்டவர்களாகக் கையாட்டினார்கள். உமாதேவி காலை எடுத்தாள். எஞ்சின் அடங்கவில்லை. விசில் கூர்மையாகி மேலே போனது. இன்னும் மேலே போனது. உட்கார்ந்திருந்த சீட்டெல்லாம் நடுங்கியது.

"காலை எடு!" என்று கத்தினார்.

"எடுத்துட்டேன் அங்கிள்!"

"கியரத் தொடாத! கியர மட்டும் தொடாத! சாவிய எடு!"

உமாதேவி சாவியைத் திருகிப் பிடுங்கி, தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். கார் கேட்கவில்லை. யாரோ மிதித்துக்கொண்டே இருப்பது போல அலறியது.

பிள்ளைகளைக் கதவு வழியே இழுத்து, எதிரே தேயிலைப் பக்கம் ஏறச் சொன்னார். பானட்டைத் தூக்கினார். காற்று போகும் ரப்பர் குழாயைப் பிடித்து முறுக்கிப் பிய்த்தார். குழாய் வாய் திறந்ததும் அது காற்றை இழுக்கிற இழுப்பில் அவருடைய சட்டைக் கை உள்ளே பாய்ந்தது, உதறிக்கொண்டார். அந்த வாயை அடைத்தால்தான் இது நிற்கும். கையை வைத்தால் கை போகும். துணியை வைத்தால் விழுங்கிவிடும். "தட்டையா எதாச்சும் குடு! தட்டையா!" என்று அலறினார். அதற்குள் நீலப்புகை காரையும் சாலையையும் மரத்தையும் மூடிவிட்டது. தம்முடைய கையே அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

புகைக்குள்ளிருந்து பவளம் வந்தாள். இரண்டு கையாலும் பித்தளைத் தட்டை ஏந்தியிருந்தாள். கற்பூரக் கரி இன்னும் அதில் ஒட்டியிருந்தது. ஹரோல்ட் வாங்கிக் குழாய் வாயில் அறைந்தார். படாரென்று ஒட்டிக்கொண்டது. எஞ்சின் தலையை உதறுகிற மாடு போல மூன்று தடவை குலுங்கியது. பிறகு நின்றது.

அந்த நிசப்தம் காதில் வலித்தது. பவளத்தைத் தேயிலைப் பக்கம் ஓடச் சொல்லிவிட்டு, அவர் நின்ற இடத்திலேயே நின்றார். எதுவும் தெரியவில்லை. பிள்ளைகள் பயத்தில் பள்ளத்துப் பக்கம் நகர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு வந்தது. "எல்லாரும் இருக்கீங்களா? நம்பர் சொல்லுங்க!" என்று கூப்பிட்டார்.

"ஒன்னு," என்றது ஒரு குரல். "ரெண்டு." "மூணு." "நாலு." மூச்சிரைக்கப் பவளம், "அஞ்சு."

பிறகு மரத்தடிப் பக்கமிருந்து, நிதானமாக, "ஆறு."

ஹரோல்ட் அசையவில்லை. காற்று புகையைக் கிழித்து மெல்ல மேலே கொண்டுபோயிற்று. முதலில் சாலை தெரிந்தது. பிறகு தேயிலைச் சரிவு. அதில் ஐந்து பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். உமாதேவி சாவியைப் பிடித்தபடி கார்க்கதவில் சாய்ந்திருந்தாள். மரத்தடியில் மூன்று கல்லும் சூலமும் இருந்தன. ஆறு சொன்னது யார் என்று அவர் பிள்ளைகளிடம் கேட்டார். ஒவ்வொரு பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையைக் காட்டியது.

உமாதேவி அழ ஆரம்பித்தாள். அவள் கை கடைசிவரை கியர்ப் பக்கம் போகவில்லை என்பதை ஹரோல்ட் நினைத்துப் பார்த்தார். அது மட்டும் டிரைவில் விழுந்திருந்தால், வளைவு ஏது, பிள்ளைகள் ஏது.

"என் தப்பும்மா," என்றார். "காடி நல்லா இல்ல. நான் நல்லா பாக்கல. மூணு தடவ இந்தப் பக்கம் வந்தேன். ஒரு தடவகூட நிக்கல. நின்னிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

உமாதேவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ளைங்களுக்கு வேற காடி சொல்லணும் அங்கிள்."

"சொல்லுவோம். இது இனிமே டர்போ மாத்தாம ஒரு அடி நகராது. நான் பாத்துக்கறேன். லயத்துலயும் நானே வந்து சொல்றேன், சாமி இல்ல, சீலுன்னு." சொல்லும்போது கடைசிச் சொல் அவ்வளவு பலமாக வரவில்லை.

தட்டைக் குழாய் வாயிலிருந்து நெம்பி எடுத்தார். விளிம்பு லேசாக நெளிந்திருந்தது. ஆயில் படிந்து கருத்திருந்தது. பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, முன்னும் பின்னும் அழுத்தித் துடைத்தார். துணியை முகராமல் மடித்து வைத்துக்கொண்டார்.

"குடுங்க அங்கிள், நான் வெச்சிர்றேன்," என்று உமாதேவி நகர்ந்தாள். இரண்டடி வைத்துவிட்டு மறுபடி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இரும்மா."

ஹரோல்ட் மரத்தடிக்குப் போனார். புல் ஆரம்பிக்கிற இடத்தில் நின்றார். தட்டை ஒரு கையில் பிடித்தபடியே குந்தினார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயில் ஊறிப்போன தம்முடைய பெரிய பூட்ஸின் கயிற்றை, முதலில் இடது காலில், பிறகு வலது காலில், அவிழ்க்கத் தொடங்கினார்.